தீர்ப்புக்கு முந்திய தூக்குக் கயிறு

நைஜீரியாவின் ஒகோனி மக்களுக்காகக் குரல் கொடுத்த எழுத்தாளர் கென் சாரோ-விவாவும் தோழர் எண்மரும் 1995 நவம்பர் 10 அன்று தூக்கிலிடப்பட்டனர். அவர் பொருட்டு அளிக்கப்பட்ட முறையீடு அப்போது ஆப்பிரிக்க மனித, மக்கள் உரிமை ஆணையத்தின்முன் நிலுவையில் இருந்தது. விசாரணை முடியும்வரை தண்டனையை நிறுத்திவைக்க ஆணையம் வேண்டியும் இராணுவ அரசு செவிசாய்க்கவில்லை. ஆப்பிரிக்க உரிமைச் சாசனம் மீறப்பட்டதென்ற முடிவு வந்ததோ 1998இல்!

இறையாண்மையில் தலையிடலாமா என்பாருக்கு நாம் சொல்வது இதுவே: அச்சாசனத்தை 1983இல் நைஜீரியா தானே ஏற்றது. கொடுத்த வாக்கைக் காக்கச் சொல்வது தலையீடாகுமா?

உண்மைக் குறை வேறு. சாசனத்தின் 59ஆம் பிரிவின்படி, அரசுத் தலைவர்களின் பேரவை இசையும்வரை ஆணையத்தின் நடவடிக்கைகள் மறைவாகவே இருக்கவேண்டும். குற்றம் சாட்டப்படுவோரின் கூட்டமே தீர்ப்பு வெளிவரும் நாளைக் குறிப்பதா?

பின்னர் ஆரூஷாவில் அமைந்த ஆப்பிரிக்க நீதிமன்றத்தின் தீர்ப்பு அரசுகளைக் கட்டுப்படுத்தும். ஆயினும் அரசு இசைவளித்தாலன்றித் தனிமனிதர் அதனை நேரே அணுக இயலாது. அதற்கு இடமளித்த தான்சானியாவே 2019இல் தன் இசைவைத் திரும்பப் பெற்றது!

உயிர் போனபின் வரும் தீர்ப்பு வரலாற்றுக்குப் பயன்படலாம். தூக்குமேடையில் நிற்பவனுக்குப் பயன்படாது. முறையீட்டின் கதவை அடைக்கும் உரிமை எந்த அரசுக்கும் இருத்தலாகாது என்கிறோம்.