கைவேலைப் பக்கம்: பலகை கருகாமல் காக்கும் பார்சல் டேப்!

2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், டெல்டா மாவட்டங்களில் சாய்த்துப்போட்ட மரங்கள் கொஞ்சநஞ்சமல்ல. தென்னையோடு, கொல்லையில் நின்ற பலாவும் மாவும்கூட விழுந்தன. வருஷக்கணக்கில் நிழலும் பழமும் கொடுத்த மரத்தை மொத்தமாக விறகுக்கு அனுப்ப மனசு வராமல், இரண்டு பலகை மட்டும் அறுத்துப் பரணில் போட்டு வைத்த வீடு உங்களுடையதாகவும் இருக்கலாம்.

அந்தப் பலகையில் தாத்தா, பாட்டி பெயரை வெட்டி வாசலில் மாட்டலாம் என்று ஆசை வரும். ஸ்க்ரோல் சா மெஷின் முன்னால் உட்கார்ந்ததும் பயமும் வரும். வளைவில் பிளேடு ஒரு நூல் விலகிவிட்டால்? ஓரம் கருகிவிட்டால்? கடையில் வாங்கிய பிளைவுட் என்றால் இன்னொன்று வாங்கலாம். விழுந்த பலாவுக்கு இன்னொன்று கிடையாது.

இந்தப் பயத்தைப் பாதியாகக் குறைக்கிற பொருள் உங்கள் வீட்டு மேஜை டிராயரிலேயே இருக்கும். பார்சல் ஒட்டும் டேப்தான் அது.

தஞ்சாவூருக்குத் தெரிந்த பாடம்

பலா மரத்தின் அருமையைத் தஞ்சாவூருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணை, பலா மரத்தில்தான் பிறக்கிறது. ஒரே மரத்துண்டைக் குடைந்து செய்தால் அது ஏகாண்ட வீணை. தஞ்சாவூர் ஓவியத்துக்கும் அந்தக் காலத்தில் பலாப் பலகைதான். இப்போது பெரும்பாலும் பிளைவுட்.

அந்த ஓவியம் போடுகிறவர்கள் யாரும் வெறும் பலகையில் நேரடியாக வரைவதில்லை. பலகையில் துணியை ஒட்டி, அதன்மேல் சுண்ணப்பொடிப் பூச்சு கொடுத்து, காய்ந்ததும் தேய்த்து வழவழப்பாக்கிய பிறகுதான் கோடு போடுவார்கள். மரத்துக்கும் படத்துக்கும் நடுவே ஓர் அடுக்கு தேவை என்பது அவர்களுக்குப் பழைய பாடம். மரம் வெட்டும்போதும் அதே கதைதான். ஒரே வித்தியாசம், ஓவியத்தின் துணி காலத்துக்கும் ஒட்டியிருக்க வேண்டும். நம் டேப்போ வேலை முடிந்ததும் சுவடில்லாமல் உரிந்து வர வேண்டும்.

நேரடியாக ஒட்டினால் என்ன ஆகும்?

ஸ்க்ரோல் சா, பார்க்கத் தையல் மெஷின் மாதிரி. ஊசிக்குப் பதிலாக 5 அங்குல நீளமுள்ள மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடும். துணியைத் திருப்புவது போலப் பலகையைக் கையால் திருப்பித் திருப்பிக் கோட்டின்மேல் கொண்டுபோக வேண்டும்.

கோடு போட்ட தாளைக் கஞ்சிப் பசையாலோ ஃபெவிகாலாலோ நேரடியாகப் பலகையில் ஒட்டுவதுதான் பலர் செய்கிற முதல் தப்பு. பசையின் ஈரத்தில் தாள் விரிந்து சுருக்கம் விழும். கோடு அங்கேயே கோணலாகிவிடும். வெட்டி முடித்த பிறகு தாளை எடுக்கத் தண்ணீர் தொட்டால் மரத்தின் நார் எழும்பிக்கொள்ளும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தே கை வலிக்கும். மெல்லிய எழுத்தாக இருந்தால் தேய்க்கும்போதே உடைவதும் உண்டு.

இன்னொரு தொல்லை கருகல். பலா, தேக்கு, பூவரசு மாதிரி உறுதியான மரத்தில் சின்ன வளைவு திரும்பும்போது, பிளேடு ஒரே இடத்தில் உரசிக்கொண்டே இருக்கும். பற்களுக்கு நடுவே தூள் அடைத்துக்கொண்டால் சூடு இன்னும் ஏறும். ஓரம் கறுத்துப்போகும்.

எந்த டேப், எங்கே?

மூன்று அடுக்காக யோசியுங்கள்.

முதல் அடுக்கு மாஸ்கிங் டேப். பெயின்டர்கள் ஜன்னல் ஓரத்தில் ஒட்டுகிற, தாள் மாதிரியான டேப் இது. 1925இல் அமெரிக்காவின் 3எம் கம்பெனியில் வேலை பார்த்த ரிச்சர்ட் ட்ரூ, காருக்கு இரண்டு கலர் அடிப்பவர்களின் அவஸ்தையைப் பார்த்து உருவாக்கியது. உரித்து எடுப்பதற்கென்றே செய்த டேப் என்பதால் மரத்தோடு சண்டை போடாது. பலகையை முதலில் உப்புத்தாளால் தேய்த்து, தூளைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, படம் வரும் இடம் முழுக்க இதை வரிசையாக ஒட்டுங்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் ஒட்ட வேண்டும்.

இரண்டாவது, கோடு போட்ட தாள். மாஸ்கிங் டேப்பின் மேல் குளூ ஸ்டிக் தடவி ஒட்டுங்கள். தண்ணீராக ஓடும் பசை வேண்டாம்.

மூன்றாவது, தாளுக்கு மேலே 2 அங்குல அகலமுள்ள, கண்ணாடி போன்ற பேக்கிங் டேப். கோடு தெளிவாகத் தெரியும், தாள் கிழியாது. முக்கியமான லாபம் வேறு. சுருளிலிருந்து எளிதாகப் பிரிந்து வருவதற்காக இந்த டேப்பின் வெளிப்பக்கத்தில் ஒரு வழுக்குத்தன்மை கொடுத்திருப்பார்கள். அது பிளேடுக்கு எண்ணெய் போட்டது போல உதவுகிறது என்பது இந்த வேலை செய்பவர்கள் சொல்லும் விளக்கம். கருகல் குறைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

பிளைவுட் என்றால் அடிப்பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பிளேடு கீழே இறங்கும்போது அடி அடுக்கு சிலாம்பு சிலாம்பாகப் பெயர்வதை அது பிடித்து நிறுத்தும்.

ஒரே வெட்டில் நாலு

நவராத்திரிக்குக் கொலுப்படியில் வைக்கும் மயில், அன்னம், வாசலுக்குக் கோல அச்சு என்று வீட்டிலிருந்தே செய்து விற்பவர்களுக்கு டேப் இன்னொரு வழியிலும் கைகொடுக்கும். 3 மி.மீ. பிளைவுட் நான்கை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, நாலு ஓரத்தையும் டேப்பால் இறுக்கிச் சுற்றுங்கள். மொத்தம் 12 மி.மீ. கனம். ஒரு தடவை வெட்டினால் அச்சு மாறாத நாலு மயில். உள்ளே வரும் ஓட்டைகளை முதலில் வெட்டிவிட்டு, வெளி ஓரத்தைக் கடைசியில் வெட்ட வேண்டும். வெளி ஓரம் முதலில் போய்விட்டால் அடுக்கைப் பிடித்திருக்கும் டேப்பும் கூடவே போய்விடும்.

உரிப்பதிலும் பொறுமை வேண்டும்

டேப்பை மேல்நோக்கி வெடுக்கென்று இழுக்காதீர்கள். மரத்தின் ரேகை ஓடும் திசையில், பலகையை ஒட்டினாற்போல் மெதுவாகப் பின்னோக்கி உரியுங்கள். ஒட்டிக்கொண்டு அடம்பிடித்தால் ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டினால் விட்டுவிடும். பிசுக்கு மிச்சமிருந்தால் தின்னர் தொட்ட துணியால் துடைக்கலாம். அடுப்பு, விளக்கு பக்கத்தில் அந்த வேலை வேண்டாம். பிசுக்கு போகாமல் வார்னிஷ் அடித்தால் அந்த இடம் மட்டும் திட்டுத் திட்டாகத் தெரியும்.

நம் ஊருக்கென்று இரண்டு எச்சரிக்கை. கத்திரி வெயிலில் டேப் ஒட்டிய பலகையை நாள்கணக்கில் வைத்திருந்தால் பசை இளகி மரத்தில் இறங்கிவிடும். காலையில் ஒட்டி, அன்றே வெட்டி, அன்றே உரித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பலகை ஈரம் குடித்திருக்கும். ஈர மரத்தில் எந்த டேப்பும் நிற்காது. மழைக்காலத்தில் பலகையை நாலு நாள் காற்றாட நிழலில் வைத்த பிறகு ஆரம்பியுங்கள்.

டேப்பால் முடியாதது

மழுங்கிய பிளேடை டேப் காப்பாற்றாது. பிளேடு தளர்வாக இருந்தால் வெட்டு சாய்ந்துதான் போகும். பலகையை வேகமாகத் தள்ளினால் பிளேடு வளையும், ஒரே இடத்தில் நிறுத்தினால் கருகும். மெதுவாக, ஆனால் நிற்காமல் நகர்த்துவதுதான் பழக வேண்டிய விஷயம். கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம். எம்.டி.எஃப். பலகை என்றால் தூள் மிகவும் பொடியாக இருக்கும், மாஸ்க் இல்லாமல் தொடவே கூடாது. பிளேடு போகும் பாதைக்கு நேராக விரல் இருக்கவே கூடாது.

பரணிலிருந்து பலாப் பலகையை இறக்கியதும் நேராகப் பெயரை வெட்டப் போகாதீர்கள். அதன் ஓரத்தில் உதவாத ஒரு துண்டை எடுத்து, பாதிக்கு டேப் ஒட்டி, மீதியை வெறுமனே விட்டு, இரண்டிலும் ஒரே மாதிரி ஒரு 'ஸ' வெட்டிப் பாருங்கள். சுழியின் உள்வளைவில் எது கறுத்திருக்கிறது, எது மஞ்சளாகவே இருக்கிறது என்று வெளிச்சத்தில் பார்த்தால் போதும். பெயர்ப் பலகையை எப்படி வெட்டுவது என்பதை அந்தத் துண்டே சொல்லிவிடும்.