அய்யனார் கோவில் ஆறும் ரவுட்டரின் பாஸ்வேர்டும்

ராஜபாளையத்தில் முடங்கியாறு ரோடு எங்கே போகிறது என்று யாரும் யாரிடமும் கேட்பதில்லை. மாந்தோப்பையும் தென்னந்தோப்பையும் தாண்டி, ஊருக்குக் குடிதண்ணீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தையும் தாண்டி, மலையடிவாரத்தில் அய்யனார் கோவிலில் போய் முடிகிற ரோடு அது. சாமியின் முழுப் பெயரே நீர்காத்த அய்யனார். லீவு நாள் வந்தால் ஊரே சோற்றுச் சட்டியைக் கட்டிக்கொண்டு அங்கே குளிக்கப் போய்விடும்.

ஆனால் அந்த ஆற்றுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஊரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே மலையில் கொட்டித் தீர்த்திருக்கும். கீழே குளித்துக்கொண்டிருப்பவருக்கு அது தெரியாது. தண்ணீர் கலங்கி வருகிறதே என்று பார்ப்பதற்குள் வெள்ளம் வந்துவிடும். கோவில் பக்கம் போனவர்கள் இந்தப் பக்கம் வர முடியாமல் மாட்டிக்கொள்வதும், தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டி அவர்களை மீட்டு வருவதும் மழைக்காலச் செய்தியாகவே ஆகிவிட்டது. இதே மலைத்தொடரில் சதுரகிரியில் 2015 மே மாதம் வந்த வெள்ளத்தில் பக்தர்கள் இறந்தார்கள். பழைய குற்றாலத்தில் 2024 மே 17ஆம் தேதி திடீரென்று வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோனது.

இப்படி ஒரு சம்பவம் நடந்த உடனே எல்லோரும் சொல்வது ஒன்றுதான். "மேலே ஒரு சென்சார் வைத்து, கீழே ஒரு சைரன் வைத்தால் என்ன?" நல்ல யோசனைதான். வைக்க வேண்டியதுதான். ஆனால் சென்சாரும் சைரனும் எல்லோர் கண்ணிலும் படும். நடுவில் இருக்கிற ஒரு சின்னப் பெட்டி யார் கண்ணிலும் படாது. அந்த யோசனை பிழைப்பதும் சாவதும் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. அதன் பெயர் இண்டஸ்ட்ரியல் ரவுட்டர்.

வீட்டில் வைஃபைக்கு வைத்திருக்கிறோமே, அதன் முரட்டு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு அல்லது அலுமினிய உடம்பு, உள்ளே சிம் போடும் இடம் (பலவற்றில் இரண்டு சிம்), 12 வோல்ட் பேட்டரியிலோ சோலாரிலோ ஓடும், வெயிலையும் குளிரையும் தாங்கும். தண்ணீர் மட்டத்தை அளக்கும் கருவி ஒரு வயர் வழியாக இதனிடம் சொல்லும். இது செல்போன் டவர் வழியாக ஊருக்குச் சொல்லும். ஏடிஎம்மில், பெட்ரோல் பங்கில், காற்றாலையில், மில்லின் சோலார் கூரையில் எல்லாம் இந்தச் சாதி ரவுட்டர்கள் சத்தமில்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருக்கின்றன.

இதை செட்டப் செய்வதைப் பெரிய வித்தை என்று நினைக்க வேண்டாம். சிம்மைப் போட்டு, ஆன்டெனாவை முறுக்கி, கரண்ட் கொடுத்து, ஒரு கேபிளால் லேப்டாப்பில் சொருக வேண்டும். பிரௌசரைத் திறந்து 192.168.1.1 போன்ற ஒரு முகவரியை அடித்தால் (கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும்) ஒரு லாகின் பக்கம் வரும். இன்டர்நெட்டே இல்லாத காட்டிலும் இந்தப் பக்கம் வரும். ஏனென்றால் அது அந்தப் பெட்டிக்குள்ளேயேதான் இருக்கிறது. உள்ளே போனால் இடது பக்கம் ஒரு மெனு. மொபைல், நெட்வொர்க், ஃபயர்வால், விபிஎன், சிஸ்டம் என்று வரிசையாக இருக்கும். பேங்க் வெப்சைட்டில் படிவம் நிரப்பத் தெரிந்தவருக்கு இதிலும் பாதி வேலை தெரியும்.

முதலில் ஏபிஎன். சிம் எந்த வாசல் வழியாக இன்டர்நெட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்கிற பெயர் அது. ஜியோவுக்கு ஜியோநெட், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட். ஒரு எழுத்து தப்பினாலும் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய பெட்டி சும்மா மினுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அடுத்து சிக்னல் அளவு. ஆர்எஸ்ஆர்பி என்று மைனஸில் ஒரு எண் காட்டும். மைனஸ் 80 என்றால் நல்லது, மைனஸ் 110க்குக் கீழே போனால் திண்டாட்டம். எண் பெரிதாக இருந்தால் சிக்னலும் பெரிது என்று நினைத்து ஏமாறுபவர்கள் உண்டு! மலையடிவாரத்தில் எந்தக் கம்பெனி டவர் எவ்வளவு எட்டுகிறது என்று கடைவீதியில் இருந்துகொண்டு சொல்ல முடியாது. பெட்டியை அங்கேயே கொண்டுபோய், இந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே ஆன்டெனாவைத் திருப்பிப் பார்ப்பது ஒன்றுதான் வழி. பெட்டி வாங்கும்போதே அது எந்த அலைவரிசைகளைப் பிடிக்கும் என்றும் பார்க்க வேண்டும். பிஎஸ்என்எல் 4ஜிக்கு 700, 2100 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ செய்த மாடலை விலை குறைவு என்று வாங்கி வந்தால் நம் ஊர் டவரில் பாதி அதற்குப் புரியாமல் போகலாம்.

பிறகு பலரும் விட்டுவிடுகிற ஒரு சின்ன டிக். 'பிங் ரீபூட்' என்று இருக்கும். சில நிமிடத்துக்கு ஒரு முறை வெளியே ஒரு முகவரியைக் கூப்பிட்டுப் பார். பதில் இல்லையென்றால் நீயே ஆஃப் ஆகி ஆன் ஆகிக்கொள் என்று அர்த்தம். காட்டுக்குள் போய் யார் சுவிட்சைத் தட்டுவது? அந்தப் பகுதி சாம்பல் நிற அணில் சரணாலயமாக 1988இலேயே அறிவிக்கப்பட்டு, 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்துவிட்டது. நினைத்த நேரத்தில் ஏணியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, வனத்துறையின் அனுமதி வேண்டும். ஆகவே அந்த ஒரு டிக், ஒரு ஆள் சம்பளத்துக்குச் சமம்.

இதெல்லாம் அரை நாள் வேலை. வேலை தெரிந்த கான்ட்ராக்டர் செய்துவிட்டுப் போய்விடுவார். பிரச்சினை அவர் போன பிறகுதான் ஆரம்பிக்கிறது.

நம் ஊரில் இது வழக்கமாக எப்படி முடிகிறது என்று பாருங்கள். டெண்டர் விடுவார்கள், பெட்டி வரும், போட்டோ எடுப்பார்கள், பில் பாஸ் ஆகும். ஸ்டாக் ரிஜிஸ்டரில் 'ரவுட்டர் 1' என்று ஏறிவிடும். அதன் பாஸ்வேர்டு எந்த ரிஜிஸ்டரிலும் ஏறாது. அது கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்த ஒரு பையனின் லேப்டாப்பில் இருக்கும். அந்தப் பையன் அடுத்த வருடம் கோயம்புத்தூரில் வேறு கம்பெனிக்குப் போய்விடுவான். அல்லது இதைவிட மோசம், பாஸ்வேர்டை மாற்றவே இல்லை, ஃபேக்டரியில் வந்த அதே 'அட்மின்' இன்னும் இருக்கும். முதல் வகையில் சாவி தொலைந்துபோய்விட்டது. இரண்டாவது வகையில் சாவி ஊர் உலகத்துக்கே கொடுக்கப்பட்டுவிட்டது.

இரண்டாவது வகை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கதை கட்ட வேண்டியதில்லை. 2016இல் மிராய் என்று ஒரு வைரஸ் வந்தது. அது பெரிய புத்திசாலி எல்லாம் இல்லை. கேமரா, ரவுட்டர் போன்றவற்றில் ஃபேக்டரியில் வைக்கும் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் 60க்கும் மேல் அதன் கையில் இருந்தன. ஒவ்வொரு கதவாக அதைப் போட்டுப் பார்த்துத் திறந்த வீட்டில் எல்லாம் நுழைந்தது. அந்த வருடம் அக்டோபர் 21ஆம் தேதி அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் சில மணி நேரம் படுத்ததற்குக் காரணம் இப்படிப் பிடித்த பெட்டிகளின் படைதான். அதே மாதத்தில் சியரா வயர்லெஸ் என்ற கனடா கம்பெனி, ஃபேக்டரி பாஸ்வேர்டை மாற்றாத தன்னுடைய இண்டஸ்ட்ரியல் ரவுட்டர்களிலும் மிராய் நுழைகிறது என்று எச்சரித்தது. 2023 நவம்பரில் பென்சில்வேனியாவில் அலிக்விப்பா என்ற சிற்றூரின் குடிநீர் நிலையத்துக் கட்டுப்பாட்டுக் கருவிக்குள் வெளிநாட்டு ஆட்கள் நுழைந்தார்கள். அந்த வகைக் கருவிகளின் ஃபேக்டரி பாஸ்வேர்டு என்ன தெரியுமா? 1111. தண்ணீருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஊழியர்கள் கையாலேயே மோட்டாரை இயக்கிச் சமாளித்தார்கள். ஆறாவது மைல் தண்ணீரைக் குடிக்கிற ஊர் இந்தச் செய்தியை ஒரு முறை நிறுத்திப் படிக்கலாம்.

2025இல் வந்தது இன்னும் சுவாரஸ்யம். மைல்சைட் என்ற சீனக் கம்பெனியின் இண்டஸ்ட்ரியல் ரவுட்டர்களில் எஸ்எம்எஸ் அனுப்பும் வசதி வெளியே திறந்து கிடந்ததைப் பிடித்துக்கொண்டு, மோசடிக்காரர்கள் ஐரோப்பாவில் பொது மக்களுக்குப் போலி எஸ்எம்எஸ் அனுப்பினார்கள் என்று பிரான்சின் செக்கோயா நிறுவனம் கண்டுபிடித்துச் சொன்னது. எங்கோ ஒரு சுவரில் தூசி படிந்து தொங்கும் பெட்டி, அதன் சொந்தக்காரருக்கே தெரியாமல், அவர் சிம்மில் இருந்து!

இதையே அய்யனார் கோவிலில் வைத்துப் பாருங்கள். ஆடி அமாவாசைக் கூட்டத்தில் வெள்ளமே இல்லாமல் சைரன் அடித்தால் என்ன ஆகும்? பாறையும் படியும் ஈரமுமாக இருக்கிற இடத்தில் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் ஓடினால் வெள்ளம் செய்ய வேண்டியதை நெரிசலே செய்துவிடும். இரண்டு முறை பொய்யாக அடித்தால் மூன்றாம் முறை யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அடிக்க வேண்டிய நாளில் அடிக்காவிட்டாலோ, கருவி இல்லாத காலத்தைவிட அது மோசம். முன்பு தண்ணீரின் நிறத்தைப் பார்த்து ஒதுங்கியவர், இப்போது 'சைரன்தான் இருக்கிறதே' என்று குளித்துக்கொண்டே இருப்பார்.

"நகராட்சியிலும் கோவிலிலும் இருப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியாது, கான்ட்ராக்டரிடமே இருக்கட்டும்" என்று ஒரு வாதம் வரும். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ரிப்பேர் பார்க்க அவருக்கு வழி வேண்டும்தான். ஆனால் வீட்டை வெள்ளையடிக்க வந்தவரிடம் சாவியைக் கொடுப்பதும் பத்திரத்தைக் கொடுப்பதும் ஒன்றா? அதே வெப் பக்கத்தில் அவருக்கென்று தனியாக ஒரு யூசர் போடலாம். வெளியில் இருந்து நேராக லாகின் பக்கம் திறக்காதபடி அடைத்துவிட்டு, விபிஎன் வழியாக மட்டும் அவர் வரும்படி வைக்கலாம். ஒப்பந்தம் முடிந்த அன்றைக்கு அந்த யூசரை அழித்துவிடலாம். அட்மின் பாஸ்வேர்டு மட்டும் சீல் வைத்த கவரில் ஆபீஸ் பீரோவில் இருக்க வேண்டும். செட்டிங்ஸ் எல்லாவற்றையும் ஒரே ஃபைலாக இறக்கிக்கொள்ள 'பேக்கப்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. அந்த ஃபைலும் ஒரு பென் டிரைவில் அதே கவரில் இருக்க வேண்டும். பெட்டி இடி விழுந்து செத்தாலும், அதே மாடலில் புதுப் பெட்டி வாங்கி அந்த ஃபைலை ஏற்றினால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். இல்லையென்றால் பழைய கான்ட்ராக்டர் சொன்ன விலைதான் விலை.

சிம் விஷயமும் இப்படித்தான். கடையில் யாரோ ஒருவர் ஆதாரைக் காட்டி வாங்கிய பிரீபெய்ட் சிம்மைப் போட்டுவிடுவார்கள். 28 நாள் பேக் என்றால் வருடத்துக்கு 13 முறை ரீசார்ஜ். பதின்மூன்றில் ஒன்று மறந்தால் போதும், அது ஐப்பசியில் வந்தால் முடிந்தது கதை. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை 200 பைட் அனுப்பினால் ஒரு நாளைக்கு 144 தடவை, மொத்தம் 30 கேபிகூட வராது. இதற்கு எதற்குத் தினம் ஒன்றரை ஜிபி பேக்? இயந்திரங்களுக்கென்றே 2018 ஜூலையில் இருந்து 13 இலக்க எண் கொண்ட எம்2எம் இணைப்புகள் வந்திருக்கின்றன. குறிப்பிட்ட எண்களுக்கும் குறிப்பிட்ட முகவரிகளுக்கும் மட்டுமே பேசும்படி அவற்றைக் கட்டிவைக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்புத் துறையின் விதி. ஐரோப்பாவில் நடந்த எஸ்எம்எஸ் கூத்து இதில் நடப்பது கடினம். அந்த இணைப்பு நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும், தனி ஆளின் பெயரில் அல்ல.

கணக்குப் பாடத்தில் மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு என்று இரண்டைப் பிரித்துச் சொல்லிக் கொடுப்பார்கள். பெட்டி முதல் வகை. அதற்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. சிம் வாடகை, பேட்டரி மாற்றுவது, சாஃப்ட்வேர் அப்டேட், வருடம் ஒரு முறை பாஸ்வேர்டு மாற்றுவது எல்லாம் இரண்டாவது வகை. அதற்குக் கல்வெட்டு வைக்க முடியாதே! ஆகவே அதற்குப் பணம் ஒதுக்குவதும் கடைசியில்தான். அய்யனார் கோவிலுக்கு ஒரு கருவி வருமானால், டெண்டர் காகிதத்தில் பெட்டியின் மாடல் நம்பருக்கு முன்னால் இந்த இரண்டாவது வகை எழுதப்பட வேண்டும். அட்மின் பாஸ்வேர்டையும் பேக்கப் ஃபைலையும் ஒப்படைக்காமல் கடைசித் தவணையை விடக் கூடாது என்ற ஒரு வரியும் சேர்ந்தால் கான்ட்ராக்டர் தானாகவே கொண்டுவந்து கொடுப்பார்.

பில்லில் கையெழுத்துப் போடும் முன் ஒரு சோதனையும் உண்டு. ஆறு வற்றிக் கிடக்கும் பங்குனியில் ஒரு நாள், கான்ட்ராக்டர் இல்லாமல், கோவில் ஆளும் நகராட்சி ஆளும் மட்டும் போக வேண்டும். பீரோவில் இருக்கும் கவரைப் பிரித்து லாகின் செய்து பார்க்க வேண்டும். பிறகு சிம்மை உருவ வேண்டும். தொடர்பு அறுந்தது என்று எத்தனை நிமிடத்தில் ஊரில் யாருக்குத் தெரிகிறது என்று கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். சாயங்காலம் வரை யாரும் போன் செய்யவில்லை என்றால் பில்லைத் திருப்பி அனுப்பிவிடலாம்.