கண்ணுக்குள் ஒரு கேத்திரகணிதம்

"கேத்திரகணிதம் எனக்குச் சுட்டுப்போட்டாலும் வராது" என்று சொல்லாத பெண்கள் எம்மில் குறைவு. இடம்பெயர்வில் பாடசாலை நின்றுபோனவர்கள் இதைச் சற்று வெட்கத்துடன் சொல்வார்கள். ஆனால் தைத்த தலையணை உறையின் ஒரு மூலை இழுபட்டிருந்தால், அளவுநாடா எடுக்காமலே "இது கோணல்" என்றுவிடுவார்கள். இது எப்படி?

பிரேசிலின் அமேசன் காட்டில் முண்டுருக்கு என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். அவர்களது மொழியில் வடிவங்களுக்கான சொற்கள் மிகக் குறைவு. பிரெஞ்சு ஆய்வாளர் ஸ்ரனிஸ்லாஸ் டெஹானும் அவரது சகாக்களும் ஆறு ஆறு படங்களாகக் காட்டி, சேராத ஒன்றைத் தொடும்படி அவர்களைக் கேட்டனர். கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் ஆறில் ஒன்றுதான் சரியாகும். அவர்களோ மூன்றில் இரண்டு தடவை சரியாகத் தொட்டனர். 2006இல் வெளியான இந்த ஆய்வில் அமெரிக்கச் சிறுவர்களும் ஏறக்குறைய அதே அளவுதான். அமெரிக்கப் பெரியவர்கள் மட்டும் கூடுதலாகப் பெற்றனர். ஆகவே படிப்பு வீண் என்று நான் சொல்ல வரவில்லை.

2021இல் வெளியான இன்னோர் ஆய்வில் நாற்பக்கல்களைக் காட்டினர். ஆறில் ஒன்றின் மூலை மட்டும் சற்று விலகியிருக்கும். வடிவம் சதுரமாகவோ செவ்வகமாகவோ இருந்தால் பிழை உடனே கண்ணில் படுகிறது. ஒழுங்கற்ற நாற்பக்கலானால் அதே பிழை ஒளிந்துகொள்கிறது. பிரான்ஸின் பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்கும், பாடசாலை செல்லாத நமீபியாவின் ஹிம்பா மக்களுக்கும் இது பொது. பபூன் குரங்குகளுக்கோ, வேறு படங்களில் நன்கு பழகிய பின்னரும், சதுரம் எந்த வகையிலும் இலகுவாக இருக்கவில்லை.

சதுரத்தை எமது மூளை வெறும் படமாக வைத்திருப்பதில்லை. "நான்கு பக்கமும் சமன், நான்கும் செங்கோணம்" என்று சுருக்கி வைக்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். வடிவங்களைப் பார்க்கும்போது கணக்குச் செய்கையில் இயங்கும் மூளைப் பகுதிகளும் இயங்குவதை ஸ்கான் படங்கள் காட்டியுள்ளன. மனிதருக்கு மட்டுமே உரிய திறன் என்று பெருமைப்படலாமென்றால், 2025இல் ஜேர்மனியில் காகங்களும் இந்த ஒழுங்கை உணர்வதாகக் கண்டுவிட்டனர்!

பிள்ளையின் பழைய கொப்பியில் ஒரே அளவில் ஆறு சதுரம் வரைந்து, ஒன்றின் மூலையை மட்டும் சற்று இழுத்துவிடுங்கள். பக்கத்தில் ஒரே மாதிரியான ஆறு கோணல் நாற்பக்கல்களை வரைந்து, அவற்றிலும் ஒன்றில் அவ்வாறே செய்யுங்கள். எதை முதலில் கண்டுபிடிக்கிறாள் என்று பாருங்கள்.