சரக்கறிந்து பாய் விரிப்போம்

மாரண்டஹள்ளிப் பக்கம் தக்காளி ஏற்றும் பிக்கப் வண்டிக்கு மூடுபாய் வாங்குவோர் விலையையே முதலில் கேட்கின்றனர். சரக்கின் தன்மையை முதலில் எண்ணுதல் வேண்டும் என்போம்.

பறித்த பின்னும் தக்காளி மூச்சு விடுகிறது. பிளாஸ்டிக் பாயால் இறுக மூடினால் வெப்பமும் ஈரமும் உள்ளே தங்கி, சந்தை சேருமுன் காய் அழுகத் தொடங்கும். கித்தான் சிறிது காற்றுக்கு இடங்கொடுக்கும். ஆனால் நனைந்தால் கனக்கும். எனவே வெயிலுக்கு நிழல்வலையும், மழைக்கு மட்டும் தார்ப்பாயும் என இரண்டும் வைத்திருத்தல் நலம்.

அளவெடுக்கையில் பெட்டியடுக்கின் உயரத்தையும் சேர்த்து, கட்டுவதற்குப் பக்கத்துக்கு ஓரடி மிகுதியாகக் கொள்க. கயிறு அவிழ்ந்து பறக்கும் பாய், பின்வரும் இருசக்கர வண்டிக்காரரின் கண்ணை மறைத்துவிடும். நம் விளைச்சலைக் காக்கும் நாம், அவருயிரையும் காக்கக் கடமைப்பட்டுள்ளோம் அன்றோ!