பேசாத வசந்தசேனை

ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி, ஓசூருக்குப் பக்கத்தில், கன்னட எல்லையை ஒட்டிய கிராமம் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பக்கத்துத் தெருக்களில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். அப்படிப்பட்ட ஊர்களிலிருந்து குடும்பத்தோடு சினிமாவுக்குப் போனால், "என்ன சொன்னாள்?" என்று பக்கத்தில் யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

ஊமைப்பட காலத்தில் இந்தத் தொல்லை ஏது? 1931-ம் வருஷத்துப் படம் 'வசந்தசேனை'. மைசூர் ராஜ்யத்தில் எடுத்தது. டைரக்டர் மோகன் பவனானி. கதை, சூத்ரகர் எழுதிய 'மிருச்சகடிகம்' என்ற சம்ஸ்கிருத நாடகம்.

பேச்சுக்கே பேர்போன நாடகம் அது! ராஜாவின் மைத்துனன் சகாரனுக்கு 'ஸ' வராது, 'ஷ'தான் வரும். புராணக் கதைகளையெல்லாம் போட்டுக் குழப்புவான். ஊமைத் திரையில் அந்தச் சிரிப்புக்கு இடமில்லை.

ஆனால் அந்த மண்வண்டிக் காட்சியை எண்ணிப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பையனின் பொன்வண்டிக்கு ஏங்கி அழுகிறான் சாருதத்தனின் மகன். கையில் இருப்பதோ மண்வண்டி. வசந்தசேனை தன் நகைகளைக் கழற்றி அதில் நிரப்புகிறாள். இதற்கு வசனம் எதற்கு? மனைவி தூதை மட்டும் சளைத்தவளா? வசந்தசேனை நம்பி ஒப்படைத்த நகைகள் தன் வீட்டில் திருட்டுப் போனதும், புருஷனின் மானம் போகாதிருக்கத் தாய்வீட்டு ரத்தினமாலையைக் கொடுத்துவிடுகிறாள். அதையும் விரதத் தானம் என்று சாக்குச் சொல்லிக் கொடுக்கிறாளே, அந்த நாசூக்கு நம் பெண்களுக்குத்தான் புரியும்!

படத்தில் நடித்தவர்களில் ஏணாக்ஷி ராமராவ், 1928-ல் 'ஷிராஸ்' படத்தில் மும்தாஜாக வந்தவர். கமலாதேவி சட்டோபாத்யாயரோ, 1930-ல் உப்பு சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர். குடும்ப ஸ்திரீ சினிமாவில் நடிப்பதா என்று ஊர் முகம் சுளித்த நாளில், அத்தனை பெயர் பெற்ற ஒரு பெண்மணி காமிராவுக்கு முன் நின்றது சாமானியத் துணிச்சலா? டி.பி. கைலாசமும் அதில் உண்டு. தமிழ்க் குடும்பத்தில் பிறந்து கன்னட நாடகத்தைக் குலுங்கச் சிரிக்கவைத்தவர் அவர். இப்படி ஒரு கூட்டம் நடித்த ஊமைப்படத்தை இன்று கன்னடப் படம் என்கிறார்கள். இருக்கட்டும்.

அதே 1931, அக்டோபர் 31-ல் பேசும் படமாக 'காளிதாஸ்' வந்தது. டி.பி. ராஜலக்ஷ்மி தமிழில் கேட்க, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். மற்றவர்களுக்கு அது விசித்திரம். தொரப்பள்ளிப் பக்கத்தாருக்கு அடுத்த வீட்டுப் பேச்சு!