வாரிசாக வந்த கடன்

நடிகர் குடும்பத்துப் பெண்ணொருத்தி பதின்வயதில் முதல் வேடம் ஏற்கிறாள் என்றால், அவள் வாய் திறப்பதற்கு முன்பே ‘வாரிசு’ என்று பெயரிட்டுவிடுகிறோம். அச்சொல்லில் பாதி நியாயம், பாதி பொறாமை. வாரிசு என்பவர் சொத்தை மட்டுமே பெறுகிறவர் என்று எண்ணிக்கொள்கிறோமே, அங்குதான் பிழை. கடனுக்கும் வாரிசு உண்டு.

ஆங்கில நாடகக்காரர் ஃபேனி கெம்பிளின் வாழ்க்கையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணமே எழுகிறது. தந்தை சார்லஸ் கெம்பிள், பெரியப்பா ஜான் ஃபிலிப் கெம்பிள், அத்தை சாரா சிடன்ஸ் என இலண்டன் மேடையையே ஆண்ட குடும்பம் அது. அவர்களுடைய கோவன்ட் கார்டன் அரங்கு 1808-இல் தீக்கிரையாயிற்று. பெருஞ்செலவில் மறு ஆண்டே அதை எழுப்பினார்கள். செலவை ஈடுகட்ட நுழைவுக் கட்டணத்தை உயர்த்தியதும் பார்வையாளர்கள் கொதித்தெழுந்து வாரக்கணக்கில் கலகம் செய்தார்கள். அக்கலகம் ஓயாதிருந்த 1809 நவம்பரில்தான் ஃபேனி பிறந்தார். பின்னாளில் பெரியப்பா அரங்கில் தமக்கிருந்த பங்கைத் தம்பிக்குக் கொடையாக அளித்தார். கொடையோடு கடனும் வந்து சேர்ந்தது. 1829-இல் நிலைமை ஜப்தி, ஏலம் என்ற விளிம்புக்கு வந்துவிட்டது.

ஃபேனிக்கு மேடையில் நாட்டமில்லை, எழுத்திலேயே ஆசை. குடும்பத்தின் பாரத்தைக் குறைக்க, எங்கேனும் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் வேலைக்குப் போகிறேன் என்று தந்தையிடம் கேட்டவர் அவர். வீட்டார் கண்ட வழியோ வேறு. மூன்றே வார ஒத்திகைக்குப் பின், 1829 அக்டோபர் 5 அன்று, தம் 19 வயதில், ஜூலியட்டாக மேடையேறினார். தந்தை மெர்குஷியோவாக நடித்தார். மேடையை விட்டு விலகியிருந்த தாய், மகளுக்காகத் திரும்பிவந்து கபுலெட் சீமாட்டியாக உடன் நின்றார். அரங்கு நிரம்பியது. ஏலம் தவிர்ந்தது.

வேறெந்தப் பெண்ணுக்கு மூன்று வாரப் பயிற்சியில் ஜூலியட் வேடம் கிடைத்திருக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்தக் குடும்பப் பெயர் இல்லையென்றால் கதவு திறந்திராது. ஆனால் திறந்த கதவுக்குள் அவரை உந்தித் தள்ளியதும் அதே பெயர்தான். சலுகை, சுமை ஆகிய இவ்விரண்டில் ஒன்றை மட்டும் பார்ப்பது நமக்கு வசதியாக இருக்கிறது. அவ்வளவே.

1834-இல் அமெரிக்கரான பியர்ஸ் பட்லரை மணந்து மேடையைத் துறந்தார் ஃபேனி. கணவருக்கும் ஒரு வாரிசுரிமை இருந்தது: ஜார்ஜியாவில் தோட்டங்கள், அவற்றோடு நூற்றுக்கணக்கான அடிமைகள். அங்கே 1838-39-இல் தங்கிக் கண்டதை ஃபேனி நாட்குறிப்பாக எழுதினார். 1849-இல் மணமுறிவு, மகள்களைப் பிரிந்திருக்க நேர்ந்தது. 1859-இல் பட்லரின் கடனை அடைக்க 400-க்கும் மேற்பட்ட மனிதர்கள் ஏலத்தில் விற்கப்பட்டார்கள். நாடகக் குடும்பத்துப் பெண்ணின் சங்கடத்தை அந்தக் கொடுமையோடு ஒப்பிட நான் துணியமாட்டேன். ஆயினும் ஒருவருடைய கடனை இன்னொருவர் உடல் கொண்டு தீர்ப்பது என்ன என்று அவர் அறிந்திருந்தார் என்றே நினைக்கிறேன். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1863-இல் அந்நாட்குறிப்பை நூலாக்கினார்.

இவற்றுக்கிடையே அவருக்குச் சோறு போட்டது எது? ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தனியொருவராக அவையோர் முன் வாசித்தது. வெறுத்த குலத்தொழிலே, தம் விருப்பப்படி, தம் வருவாய்க்கென்று செய்தபோது விடுதலையாயிற்று. கலை மாறவில்லை, முடிவெடுத்தவர் மாறினார்.

எனவே, நடிகர் வீட்டுச் சிறுமி மேடையேறும்போது அவளுக்குத் தகுதி உண்டா என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ள வேண்டாம். யாருடைய தேவைக்காக வந்தாள்? ஊதியம் யார் கைக்குப் போகிறது? வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு இடமுண்டா? இவற்றையும் கேட்போம். உள்ளே வரத் திறந்த கதவு வெளியே போகவும் திறக்குமானால், அதன் பிறகு தாராளமாக விமர்சிக்கலாம்.