மயிர் பிடுங்கும் வேலையா?

என் அண்ணன் மகளுக்கு வயது 47. இருபது வருஷம் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதினாள். கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது இவளையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது எலெக்ட்ராலிசிஸ் படிக்கிறாள். முகத்தில் வேண்டாத ரோமத்தை மின்சாரம் கொண்டு நிரந்தரமாக நீக்கும் தொழில். செய்தி தெரிந்ததும் சொந்தக்காரர்கள் வாயில் வந்த முதல் வாக்கியம், "இந்த வயசுல போயி மயிர் புடுங்கப் போறியா?" என்பதுதான். கேட்டவர்களில் பலர் என் வயசுக்காரர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த வார்த்தை. வள்ளுவர் கூசாமல் எழுதிய சொல் அது. வசவாக்கியது நாம்தான். போகட்டும்.

வேலை என்னவென்று பார்ப்போம். ஏறத்தாழ முடியளவே தடிமனான ஊசியை, முடி சாய்ந்திருக்கும் கோணத்திலேயே மயிர்க்காலுக்குள் இறக்கவேண்டும். தோலைக் குத்தக் கூடாது. இயற்கையாக இருக்கும் துவாரத்தின் வழியே போகவேண்டும். பிறகு சில நொடி மின்சாரம். பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவன் நான். உப்புக் கரைசலில் மின்சாரம் விட்டால் எதிர்மின்வாயில் சோடியம் ஹைட்ராக்சைடு உண்டாகும் என்று எத்தனையோ வருஷம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். இங்கே ஊசிதான் எதிர்மின்வாய், உடம்பின் ஈரம்தான் உப்புக் கரைசல். அந்தத் துளிக் காரம் வேரை அழிக்கிறது. 1875ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷெல், கண்ணுக்குள் வளைந்து உறுத்தும் இமை முடியை நீக்க இதைத்தான் செய்தார். இது கண் வைத்தியத்தில் பிறந்த தொழில் ஐயா.

இன்னொன்று. வேர் செத்த முடியை இடுக்கியால் தொட்டால் வழுக்கிக்கொண்டு வரும். இழுக்கவேண்டி வந்தால் வேலை சரியாக நடக்கவில்லை என்று அர்த்தம். "சித்தப்பா, புடுங்குனா எங்க டீச்சர் திட்டுவாங்க" என்கிறாள் பெண். கேலி செய்தவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

"லேசர் வந்துவிட்டதே, இது எதற்கு?" என்பார்கள். லேசர் முடியிலுள்ள கருநிறத்தைத்தான் பிடிக்கும். நரைத்த முடியை அதற்குத் தெரியாது. மாதவிடாய் நின்றபின் தாடையில் நாலு வெள்ளை முடி முளைக்கிற பெண்கள் எத்தனை பேர்! நம் வீட்டிலேயே இருப்பார்கள். கண்ணாடி முன்னால் ரகசியமாக இடுக்கி வைத்துக்கொண்டு நிற்பார்கள், நாம் பார்த்திருக்கமாட்டோம். அவர்களுக்கு லேசரால் பயனில்லை, ஊசிதான் வழி. பிசிஓஎஸ் உள்ள கல்லூரிப் பெண்களும் திருநங்கையரும் இந்த வாசலுக்குத்தான் வருகிறார்கள். அவர்கள் யாரிடம் கூச்சமில்லாமல் முகத்தைக் காட்டுவார்கள்? இருபது வயசுப் பெண்ணைவிட 47 வயசு அக்காவிடம் காட்டுவது சுலபம் என்பது என் எண்ணம். "கண் தெரியுமா?" என்று கேட்கிறார்கள். பூதக்கண்ணாடி விளக்கு இல்லாமல் இருபது வயசுக்காரியாலும் இந்த வேலை செய்ய முடியாது.

கோபப்படவேண்டிய இடம் வேறு. பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்: ஐந்து நாளில் லேசர், எலெக்ட்ராலிசிஸ் இரண்டும் பயிற்சி, சான்றிதழ், வேலை உத்தரவாதம். கலிபோர்னியாவில் எலெக்ட்ராலிசிஸ் உரிமத்துக்கு மட்டும் 600 மணி நேரப் பயிற்சி கேட்கிறார்கள். நாளைக்கு எட்டு மணி நேரம் என்றாலும் 75 நாள். இங்கே ஐந்து நாளாம்! நம்மைப் போன்ற மாநிறத் தோலில் லேசர் அளவு தப்பினால் தோலிலுள்ள நிறமும் சேர்ந்து சூடாகும், வெந்துபோகும். எங்கள் தெருப் பெண் ஒருத்தி கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பு ஒரு பார்லரில் போய்க் கன்னத்தில் கறுப்புத் தழும்போடு வந்தாள். அதைச் செய்தவளை நான் குறை சொல்லமாட்டேன். அவளும் யாரோ ஒருவரிடம் நகையை அடகு வைத்துப் பணம் கட்டி, ஐந்து நாள் படித்தவளாகத்தான் இருப்பாள். நடுவயதில் வேலை போனவர்களின் பதற்றத்தை வைத்துக் கடை நடத்துகிறவர்களைச் சொல்கிறேன்.

அதனால், வீட்டில் ஒரு பெண் இதைப் படிக்கிறேன் என்றால் சிரிக்காதீர்கள், கேள்வி கேளுங்கள். எத்தனை மணி நேரம் கையால் செய்யவிடுகிறார்கள்? ஒவ்வொருவருக்கும் புது ஊசியா? சொல்லிக்கொடுப்பவர் இன்னும் வாடிக்கையாளர்களைப் பார்க்கிறாரா? வருமானம் மெதுவாகத்தான் வரும் என்று சொன்னார்களா? முடி ஒரே சமயத்தில் முளைப்பதில்லை. ஒருவருக்கு வேலை முடிய ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். கழுத்தும் மணிக்கட்டும் வலிக்கும்.

எங்கள் பெண் முதல் மாதம் பயிற்சி எடுத்தது அவள் சொந்தக் காலில். முழங்காலுக்குக் கீழே சிவப்புப் புள்ளிகள், இரண்டு நாளில் மறைந்துவிட்டன. அடுத்த வாரம் தன் தாடையைக் காட்ட என் மனைவி சம்மதித்திருக்கிறாள், ஆசிரியை பக்கத்தில் நிற்கவேண்டும் என்ற நிபந்தனையோடு.